ஆற்றுக்கு நீலம் பூச மறுத்தவர்: முராசே சுமிகோ அம்மையாருக்குப் பணிநிறைவுப் பாராட்டு மடல்

பஞ்சும் பாவும் பின்னலும் பேசும் பனியன் நகருக்குப் பரிசோதகராக வந்து, பதினோரு ஆண்டுகளில் எங்கள் பாசத்துக்குரியவரான பெருந்தகையே. கைக்குழந்தையின் கழுத்தை உறுத்தும் ஒற்றை நூல்முனையையும் கண்டுபிடிக்கும் கூர்விழியே. கடல் கடந்து வந்து, எங்கள் காப்பகக் குழந்தைகள் கேட்ட கேள்விக்குக் கதையால் விடை சொன்ன கலைச்செல்வமே, வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு செக்கிங் பிரிவுக்கு வந்தது. எங்கள் வேலையில் இதுவரை குறை கண்டுபிடித்தவர் தாங்கள். இன்று மேடையில் மாலையோடு அமர்ந்திருப்பதால் இதைத் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்ற துணிவில் எழுதுகிறோம்.

ஒசாகாவுக்குத் தெற்கே துண்டு நெய்யும் ஊர் ஒன்றில், தறி பழுதுபார்ப்பவரின் மூத்த மகளாகப் பிறந்தீர்கள். தறிச் சத்தத்துக்குப் பயந்து அழுத தம்பியிடம், தறிக்குள்ளே பறக்கும் நாகம் ஒன்று இருக்கிறது, அது நூலைத் தின்று துண்டாகத் துப்புகிறது என்று சொன்னீர்கள். தம்பி அழுகையை நிறுத்திவிட்டு அடுத்து என்ன என்று கேட்டான். முப்பத்தோரு வயதில் அந்த நாகத்தின் கதை புத்தகமாக வந்தது. பின்னர் மேலும் மூன்று மாயக்கதைகள் வந்தன. நான்கையும் வாங்க ஆளில்லை. எழுத்து சோறு போடாது என்று தெரிந்ததும், குழந்தை ஆடை நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தீர்கள். எழுதுவதை மட்டும் விடவில்லை.

அந்த நிறுவனம் 1997இல் தங்களை வீரபாண்டியில் உள்ள நம் கம்பெனிக்கு அனுப்பியது. வந்த முதல் வாரமே ஒரு லாட் சட்டைகள் முழுவதையும் பிரித்துத் தைக்கச் சொன்னீர்கள். சூப்பர்வைசர் ரோஸ்மேரி, “உள்பக்கத் தையல்தானம்மா, யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். “போட்டுக்கொள்ளும் குழந்தைக்குத் தெரியும்” என்று மொழிபெயர்ப்பாளர் வழியே பதில் வந்தது. பிறகு அந்த ரோஸ்மேரியிடமே தமிழ் கற்றீர்கள். அவர் தூத்துக்குடிக்காரர், எங்களில் பாதிப்பேர் கொங்குக்காரர்கள். ஆகவே தெற்கத்தி இழுவையும் எங்கள் ‘ங்க’வும் கலந்து, உலகில் வேறெவரும் பேசாத ஒரு தமிழ் தங்களுக்கு வாய்த்தது.

அந்தத் தமிழோடுதான் மதிய உணவு இடைவேளைகளில், வேலை நேரத்தில் எங்கள் பிள்ளைகளை விட்டுவைக்கும் கம்பெனிக் காப்பகத்துக்குப் போய்க் குழந்தைகளிடம் கதை சொன்னீர்கள். ஒருநாள் கட்டிங் பிரிவு சின்னத்தாயின் மகள், “ஆறு நேத்து செவப்பா இருந்துச்சு, இன்னைக்குப் பச்சையா இருக்கு. அதுல இருக்குற மீனு என்ன கலரு?” என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் போய் நின்று சாயப்பட்டறைகளின் சாயநீர் ஓடுவதைப் பார்த்தீர்கள். தன் நிறம் எதுவென்று மறந்துபோன மீனும், அதை ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆறு பிறக்கும் மலைக்கு நடந்தே போகும் மருதம்மாள் என்ற சிறுமியும் அங்கேதான் பிறந்தார்கள்.

கதையை டோக்கியோவின் பெரிய பதிப்பகத்துக்கு அனுப்பினீர்கள். ஆற்றை நீலமாக்குங்கள், சிறுமியை ஜப்பானியச் சிறுமியாக்குங்கள், உடனே அச்சிடுகிறோம் என்றார்கள். ஐம்பது வயதைக் கடந்து, நான்கு தோல்விகளைச் சுமந்து நின்ற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆசை காட்டல் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. “அந்தப் பாப்பா கேட்டது இந்த ஆத்தைப் பத்திங்க” என்று மட்டும் ரோஸ்மேரியிடம் சொல்லிவிட்டு, மறுத்து எழுதினீர்கள். ஆண்டுகள் கடந்தன. 2004இல் மூன்று பேர் மட்டுமே வேலை பார்த்த ஒரு சிறு பதிப்பகம், ஒரு வரியையும் மாற்றாமல் வெளியிட்டது.

அப்போதுதான் சோதனை வந்தது. தாங்கள் சார்ந்த நிறுவனத்தின் தலைமையகம், துணி வாங்கும் ஊரை இப்படி எழுதலாமா, புத்தகத்தை நிறுத்துங்கள் அல்லது வேலையை விட்டு ஊர் திரும்புங்கள் என்றது. நம் முதலாளி மகுடேஸ்வரன் ஐயாவும் கலங்கிப்போனார். “ஏனுங்கம்மா, நம்மூரு ஆத்தையே கதையில போட்டுட்டீங்க. ஆர்டர் போச்சுன்னா நானூறு பேரு எங்க போறதுங்க?” என்று கேட்டார்.

“போட்டது தப்புன்னா சொல்லுங்க, நானே ஊருக்குப் போயிடுதேன். ஆனா மொதல்ல படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றீர்கள்.

தங்களிடம் ஜப்பானிய மொழி பயின்ற அலுவலக ஊழியர் சித்ராதேவி, அந்தக் கதையை கேன்டீனில் எல்லார் முன்னிலையிலும் தமிழில் சொன்னார். முதலாளி கைகழுவும் இடத்தருகே நின்றபடியே கேட்டார். மலையில் தெளிந்த நீரில் விட்டதும் மீன் தன் நிறத்தைக் காணும் இடம் வந்தபோது சோறு பரிமாறுகிறவர்களும் கரண்டியை வைத்துவிட்டார்கள். கதை முடிந்ததும் முதலாளி, சித்ராதேவியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, தலைமையகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

“ஆர்டர் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டமுங்க. அம்மா எழுதுனதுல பொய் ஒண்ணுமில்லீங்க. அவங்க இங்கயேதான் இருக்கோணும்.”

“அப்படியே சொல்லட்டுங்களாய்யா?” என்றார் சித்ராதேவி.

“ஒரு வார்த்தை கொறைக்காம சொல்லு கண்ணு.”

இரண்டு மாதம் ஒரு பதிலும் வரவில்லை. தாங்கள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, வழக்கம்போல் பீஸ்களைச் சோதித்துக்கொண்டிருந்தீர்கள். 2005 வசந்தத்தில், ஜப்பானியப் பள்ளிக் குழந்தைகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசு தங்கள் நூலுக்குக் கிடைத்தது. மீன் கதை நடந்த ஊரில் தைத்த சட்டை எது என்று பெற்றோர்கள் கடைகளில் கேட்கத் தொடங்கினார்கள். திரும்பி வா என்ற அதே தலைமையகம், குழந்தைச் சட்டைகளின் நெஞ்சில் அந்த மீனைப் பின்னித் தரும்படி நம் கம்பெனிக்கே ஆர்டர் அனுப்பியது. முதல் லாட் மீன்களில் பாதி, வால் கோணல் என்று தங்களிடமிருந்தே திரும்பி வந்தது என்பதை வரலாற்றுக்காக இங்கே பதிவு செய்கிறோம். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சாயப்பட்டறைக்கு மட்டுமே இனி நம் துணி போகும் என்று முதலாளி முடிவெடுத்ததும் அந்த ஆண்டில்தான்.

பெரிய பதிப்பகங்கள் தேடிவர, பழைய நான்கு நூல்களும் மறுபதிப்புக் கண்டன. சித்ராதேவியின் மொழிபெயர்ப்பில் மீன் தமிழும் பேசிற்று. எழுத்தின் உண்மைக்காக எழுத்தையே இழக்கத் துணிந்தவர் வென்றார். அந்த வெற்றியை அருகிருந்து கண்டவர்கள் நாங்கள் என்பது எங்கள் பேறு.

அடுத்த கதையில் தமக்கும் ஒரு வேடம் வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். “பூதமா இருந்தாலும் சரிங்க, நல்ல பூதமா இருக்கட்டும்” என்பது அவருடைய விண்ணப்பம். தங்கள் முடிவே இறுதியானது.

அம்மையீர், விரல்கள் வலியறியாமல், விழிகள் மங்காமல், தாங்கள் எண்ணிய கதைகள் யாவும் எழுதி முடித்த பின்னும் எழுத இன்னொன்று மிச்சமிருக்கும் அளவுக்கு ஆயுள் நீண்டு வாழ்க.

என்றும் தங்கள் அன்பில்,
செக்கிங், கட்டிங், தையல், அயர்னிங், கேன்டீன், காப்பகப் பணியாளர்கள்
வீரபாண்டி, திருப்பூர்
மார்ச் 2008