‘எடுத்துக் கட்ட’ என்று எழுதியவர்கள்

தலைமை ஏற்றிருக்கும் நகரசபைத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர்களே, என்னோடு ஆபீசில் வேலை பார்க்கும் நண்பர்களே, இடமில்லாமல் வாசகசாலைக்கு வெளியே நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். முன்வரிசையில் இருக்கும் ராமலெட்சுமி அம்மா, உங்களுக்கும் என் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் உங்கள் கணவரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அதற்கு நான் தகுந்தவன்தானா என்பதைப் பேசி முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் சீனி முகம்மது. நம் நகரசபையில் பிளான் குமாஸ்தா. வீட்டில் ஒரு சுவரை மாற்ற வேண்டும், ஓலையை இறக்கி ஓடு போட வேண்டும் என்றால் உங்கள் மனு முதலில் என் மேஜைக்குத்தான் வரும். விதிக்கு அடங்கும் என்று நான் எழுதினால் அது ஓவர்சியரிடம் போகும். அடங்காது என்று எழுதினால் கமிஷனர் கையெழுத்தோடு ‘தள்ளுபடி’ என்று உங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்.

அன்பர்களே, சிக்கல் கிராமத்தில் பிறந்து, பதினெட்டு ஆண்டுகள் இந்த ஊரின் தெருக்களை அளந்தாரே ஓவர்சியர் சோணைமுத்து அவர்கள், அவருடைய சைக்கிளைப் பார்க்காத வீடு நம் ஊரில் உண்டா? அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நுழையாத சந்து உண்டா? என்னைவிட நன்றாக உங்களுக்கு அது தெரியும். எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

1962ஆம் வருடம், நோன்பு மாதத்துக்கு முன்னால் நடந்தது. மேலத்தெரு காலிதா அவர்கள் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். கணவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். மகள் ஹமீதா பானுவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தது. எங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் தங்குவார் என்பது உங்களுக்குத் தெரியும். அறை இல்லாமல் நிக்காஹ் இல்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே பின்னறையின் சுவர் உப்பரித்து உதிர்ந்து கிடந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பிலிருந்து இரண்டு மாத லீவுதான். அதற்குள் அறை எழும்பாவிட்டால் பேச்சே முறிந்துபோகும் என்ற நிலை. ‘பின்னறையை எடுத்துக் கட்ட அனுமதி வேண்டும்’ என்று காலிதா தன் கையாலேயே எழுதியிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன்? ‘எடுத்து’ என்றால் இருப்பதை எடுத்துவிடுவது. ‘கட்ட’ என்றால் புதிதாகக் கட்டுவது. ஆகவே இது புதுக் கட்டடம். புதுக் கட்டடம் என்றால் பக்கத்தில் மூன்றடி காலி இடம் விட வேண்டும். மனுவில் விடவில்லை. தள்ளுபடி. இதை எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

பெரியோர்களே, நான் வெளியூர்க்காரனா? இந்த ஊரிலேயே பிறந்தவன். சுவர் சாய்ந்தால் அதைச் சரிசெய்வதற்கு ‘எடுத்துக் கட்டுவது’ என்றுதான் என் வீட்டிலும் சொல்வோம். எங்கள் வீட்டு அடுப்படியை நானே இரண்டு முறை எடுத்துக் கட்டியிருக்கிறேன். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் தாய்மொழி எனக்கு மறந்துபோயிற்று.

நான்கு நாள் கழித்து ஓவர்சியர் என் மேஜைக்கு வந்தார். பக்கத்து வீட்டை அளந்துகொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து காலிதா அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மனுவை வாங்கிப் படித்தார். எனக்கு மேலான உத்தியோகஸ்தர். ஒரு வார்த்தை கடிந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. “சீனி, கெளம்புங்க. அங்கன போயி ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்” என்றார்.

போனோம். வீட்டில் ஆண்கள் இல்லை, உள்ளே போக முடியாது. நானாக இருந்தால் ‘ஆள் இல்லை, அளக்க முடியவில்லை’ என்று எழுதிவிட்டுத் திரும்பியிருப்பேன். அவர் வாசலிலேயே நின்று, நாடாவின் ஒரு நுனியைத் திரைக்கு உள்ளே நீட்டினார்.

“புடிச்சுக்கங்கம்மா. சுவருல ஒட்ட வச்சுப் புடிங்க.”

“புடிச்சுட்டேன் அய்யா.”

பிறகு நாடாப் பெட்டியையே உள்ளே கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் மகள். அவர்கள் அளந்து சொல்லச் சொல்ல இவர் வெளியே நின்று எழுதிக்கொண்டார். ‘அகலம் எட்டேகால் அடி’ என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“எட்டேகால்ல நீங்க சொல்ற மூணு போனா அஞ்சேகால். அதுல கட்டிலப் போட்டா மாப்பிள்ள சன்னல் வழியாத்தான் உள்ள போகணும், சீனி.”

திரைக்குப் பின்னால் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலிதா என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்கள்: “காக்கா, வீட்ட இடிக்கப் போறோம்னு நான் எங்க சொன்னேன்? எடுத்துக் கட்டத்தானே கேட்டேன்? ஒங்களுக்குமா வெளங்கல?”



அன்று மாலை ஓவர்சியர் கமிஷனருக்கு எழுதிய குறிப்பு எனக்கு மனப்பாடம். ‘எடுத்துக் கட்டுதல் என்பது இவ்வூர் வழக்கில் மராமத்தையே குறிக்கும். இருந்த சுவர் இருந்த இடத்திலேயே எழுப்பப்படும். இடம் விடத் தேவையில்லை. குமாஸ்தா சீனி முகம்மதுவும் உடன் வந்து பார்வையிட்டார்.’ கேட்டீர்களா? குமாஸ்தா தவறு செய்தார் என்று எழுதவில்லை. குமாஸ்தாவும் வந்து பார்வையிட்டாராம். ஒன்பதாம் நாள் அனுமதி கிடைத்தது. நிக்காஹ் நடந்தது. விருந்தில் எங்கள் இருவருக்கும் ஒரே சகன் தட்டில் சாப்பாடு. நான் தலை குனிந்து சாப்பிட்டேன். அவர் தன் பக்கத்துக் கறியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

கை கழுவும்போதுதான் கேட்டார். “சீனி, முன்னாடி தள்ளுன மனுவுலயும் இந்தச் சொல்லு இருக்குமே. எத்தனைல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. நாம போயிப் பாத்துருவோம்.”

‘பார்க்கிறேன் சார்’ என்றேன்.

பார்க்கவில்லை. தள்ளுபடிக் கட்டு என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். வேலை இருந்தது என்று சொல்லலாம். பொய். என் கையெழுத்தையே நான் எண்ணிப் பார்க்க வேண்டுமே என்ற கூச்சம். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் நான் கூசிப்போவேன் என்று விட்டுவிட்டார். அந்த நல்ல மனசை நான் சௌகரியமாக வைத்துக்கொண்டேன். மூன்று வருடம்.

போன வியாழக்கிழமை அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். சனிக்கிழமை அந்தக் கட்டைப் பிரித்தேன். ஓவர்சியர் ஐயா, நீங்கள் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். பதினேழு. பதினேழு பேர் எடுத்துக் கட்ட அனுமதி கேட்டு, நான் தள்ளுபடி செய்திருக்கிறேன். அவர்களில் சிலர் இதே கூட்டத்தில் இருக்கிறீர்கள். என் பதிலை நீங்கள் அதிகாரத்தின் வாக்கு என்று நம்பிப் பேசாமல் இருந்துவிட்டீர்கள்.

அதோ, வாசல் பக்கம் கடற்கரைத் தெரு பூமயில் அம்மா நிற்கிறார். 1961இல் மனு கொடுத்தவர். ஓலையை இறக்கி, மண்சுவரை எடுத்துச் செங்கல்லாகக் கட்டி, ஓடு போடக் கேட்டிருந்தார். நான் தள்ளினேன். ஓவர்சியர் கேட்ட அன்றே நான் பார்த்திருந்தால், போன மார்கழிப் புயலுக்கு முன்னால் அந்த வீட்டில் செங்கல் சுவர் நின்றிருக்கும். அந்தப் புயலில் அவருடைய மண்சுவரும் போயிற்று, கூரையும் போயிற்று. இன்றுவரை நாத்தனார் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறார். ஓவர்சியருக்காக அழ வந்திருக்கிறார். அந்த வீடு என்னால் போயிற்று என்பது அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். கமிஷனரிடம் காலையிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். பதினேழு மனுவையும் புதிதாக எழுதிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நீங்கள் யாரும் ஆபீசுக்கு அலைய வேண்டாம். நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல, நீங்கள் சொல்கிறபடியே எழுதிக்கொள்கிறேன். ராமலெட்சுமி அம்மா, அவருடைய அளவு நாடாவைக் கொஞ்ச நாள் எனக்குக் கொடுங்கள்.

பூமயில் அம்மா, நாளைக் காலையில் முதலில் உங்கள் இடத்துக்கு வருகிறேன். அங்கே அளப்பதற்குச் சுவர் இல்லை. எது எங்கே இருந்தது என்று நீங்கள் நடந்து காட்டுங்கள். நான் எழுதுகிறேன்.