ஓரத்து இருட்டு

படம் எடுக்கும்போது அசையாதீர்கள் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, ஐயா. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

லென்ஸைப் பற்றி விசாரித்தவர் நீங்கள் ஒருவர்தான். சொல்கிறேன். எந்த லென்ஸும் கேமராவுக்குள் வெளிச்சத்தை வட்டமாகத்தான் போடும். என் பனோரமா கேமராவில் பிலிம் பதினேழு சென்டிமீட்டர் நீளம், ஆறு அகலம். மூலைக்கு மூலை எட்ட, வட்டம் பதினெட்டு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குறைந்தால் ஓரங்கள் கரியாகிவிடும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் வட்டம் கொஞ்சம் விரியும்.

போன வருடம் மில்லின் மொட்டைமாடியில் நூற்று நாற்பது பேரை நிறுத்தி இரண்டு படம் எடுத்தேன். அப்போது என்னிடம் சின்ன லென்ஸ்தான். முதல் படம் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்தது, இரண்டாவது சுருக்கி. இரண்டாவதில் மேனேஜர் கண்ணை மூடிவிட்டார். அதனால் முதலாவதையே கொடுத்தேன். அதில் இரண்டு ஓரமும் இருட்டு. வலது ஓரத்து இருட்டுக்குள் நின்றவர்கள், அங்கே வேலை பார்க்கும் என் மனைவியும் அவளுடைய மேஸ்திரியும்.

அவள் குள்ளம். முன்வரிசையில் நடுவே உட்கார வேண்டியவள். ஓரத்துக்கு ஏன் போனாய் என்று கேட்டேன்.

“நடுவுல வெயில் கண்ணக் குத்துச்சுங்க. இதுக்கெல்லாமா விசாரணை?” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வருடம் பூதக்கண்ணாடியும் கையுமாக அந்த ஓரத்தைப் பார்த்தேன்.

இந்த வருடம் இருபத்திரண்டு சென்டிமீட்டர் வட்டம் போடும் லென்ஸ் வாங்கினேன். மேஸ்திரி மாடிக்கு வந்ததும், “தம்பி, போன தடவ என்னைக் கரியாக்கிட்டீங்க. அன்னிக்கு நீ வேலைக்குத்தான் போனியான்னு எங்க வீட்ல இன்னும் கேக்குறா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி யாரும் சொல்லாமலே நடுவில் போய் உட்கார்ந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

வலது ஓரத்தில், வரிசைக்குப் பின்னால் இருந்த கைப்பிடிச் சுவரைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்துவிட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். படத்தில் விழும் என்று சொல்லி, காலையிலேயே கயிற்றை அவிழ்த்தேன்.

“அண்ணே, உங்க பக்கம் இருட்டு விழுது. ரெண்டடி பின்னால போங்க. திரும்பாதீங்க, என்னையே பாருங்க” என்றேன், மறுபடி வலது ஓரத்தில் நின்ற மேஸ்திரியிடம்.

அந்த லென்ஸில் இருட்டு விழாது. அதைத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அவர் விழுந்தது முதலில் யாருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் படத்தை எடுத்து முடித்தேன்.

இப்போது என் பெட்டியிலிருந்த போன வருடத்து இரண்டாவது படத்தை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். ஓரம் பளிச்சென்று தெரிகிறது. அவள் இரண்டு கையாலும் பையைப் பிடித்திருக்கிறாள். அவர் ஓரடி தள்ளிக் கைகட்டி நிற்கிறார். தெரியும் ஐயா, அந்தப் பிலிமைக் கழுவியதே நான்தான்.

ஆனால் இரண்டு படத்துக்கும் நடுவே நாற்பது நொடி இருந்தது. கையை எடுத்துக்கொள்ள அது தாராளம்.