பின்வாசல் கயிறு

சின்ன வீட்டில் ஒரு சௌகரியம் உண்டு ஐயா, பெருக்கித் துடைக்க அரை மணி நேரம் போதும். நான் வாங்கியது அப்படிப்பட்ட பழைய வீடுதான். இரண்டு அறை, ஒரு சமையலறை. ஆனால் மனை தாராளம், இன்னும் நாலு வீடு கட்டலாம். இருபத்தாறு வருஷமாக நிலம் அளக்கிறவன் நான், பார்த்ததுமே மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

விற்றவரைத் தெருவில் தையலம்மா என்பார்கள். தைத்துத் தைத்தே பார்வை சுத்தமாகப் போய்விட்டது. தான் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டிலேயே இருப்பேன் என்று ஒரு நிபந்தனை போட்டார். எழுபத்தெட்டு வயசு, ஓயாத இருமல். எத்தனை நாளைக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருஷத்தில் இருமல்தான் நின்றது. நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்.

"நம்மளையெல்லாம் வழியனுப்பி வச்சுட்டுத்தான் அந்தம்மா கிளம்புவாங்க போல," என்றாள் மனைவி. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். 'வீட்டில் குடியிருக்கலாம்' என்றுதான் இருந்தது. மனையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சுவருக்கு வெளியே எல்லாம் என்னுடையது. தண்ணீர்த் தொட்டி கட்டப் பத்தடிக் குழி வெட்டச் சொன்னேன்.

குளியலறை கொல்லைக் கோடியில் இருந்தது. பின்வாசலிலிருந்து அதுவரை கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் தையலம்மா போவார். குழி அந்தக் கயிற்றுக்கு வலப்பக்கம். வெட்டியவர்கள்கூட, "கண்ணு தெரியாதவங்க நடமாடுற இடம், சுத்தி அடைப்பு போட்டுருங்க," என்றார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கே போனேன். குளியலறைத் தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். குழிக்கு அந்தப் பக்கம் ஒரு முளை அடித்து அதில் கட்டினேன். கயிறு குழிக்கு நட்டநடுவே போனது. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, வாசல் பக்கத்து முடிச்சையும் இறுக்கிப் போட்டேன்.

எட்டு மணிக்கு அவர் தோளில் துண்டோடு வந்தார். கயிற்றைத் தொட்டதும் நின்றுவிட்டார். விரலால் முடிச்சை உருட்டிப் பார்த்தார்.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"இது என் முடிச்சு இல்லையே."

"பழசு இத்துப்போச்சு. நான்தான் புதுசா கட்டினேன்."

"வெயில் எப்பவும் முதுகுல படும். இன்னிக்குத் தோள்ல படுது. பாதை சரிதானா?"

"சரிதாம்மா. பயப்படாம நேரா வாங்க."

"நீங்க சொன்னா சரி," என்று சிரித்துக்கொண்டே நடந்தார்.

விழுந்ததும் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "கால் ஒடிஞ்சுருச்சு போல தம்பி, யாரையாவது கூட்டிட்டு வாங்க," என்றார். இதோ வருகிறேன் என்றேன். குழியிலிருந்து தெருவுக்கு நூற்றி நாற்பது அடி. தெருவில் போய் நின்று பார்த்தேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை. பெரிய மனையின் அருமை அப்போதுதான் புரிந்தது.

வெயில் படவேண்டாமே என்று குழிமேல் பலகைகளைப் போட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புது வீட்டுக்கு வரைபடம் போட ஆரம்பித்தேன். திங்கட்கிழமை தண்ணீர் கேட்டார். கொடுத்தால் இழுத்துக்கொண்டே போகும், அவருக்கும்தான் கஷ்டம். புதன்கிழமை காலையில் சத்தம் நின்றது.

சாகட்டும் என்றுதான் கயிற்றை மாற்றினேன், அதை மறைக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த மூன்று நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மோசமானவனாக இருந்தால் அப்படிக் கூப்பிட்டிருப்பாரா?