ஒரு வரி குறைந்த ப்ரோக்ராம்

தம்பி: ...நான் பைதான்ல எழுதின ஸ்கிரிப்டைத் தனியா ஓட்டிப் பாத்துட்டேன்க்கா. சமத்தா ஓடுது. உன் ப்ரோக்ராம் வழியா கூப்பிட்டா மட்டும், அதுக்கு வேண்டிய லைப்ரரியே இல்லன்னு கையை விரிக்குது.

அக்கா: அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பாரேன்.

தம்பி: ரெண்டு தடவை பண்ணியாச்சு. கொஞ்சம் மெதுவா பேசு, அப்பா முழிச்சுட்டுதான் இருக்காரு.

அக்கா: தெரியும்... கதவையே பாத்துட்டிருக்காரு.

தம்பி: கண்ணு அசையறதை எழுத்தா மாத்தி ஸ்பீக்கர்ல பேச வைக்கறது அந்த லைப்ரரி. அது ஏறலன்னா, கண்ணைத் தவிர எதுவும் அசையாத அவருக்கு வாயே இல்ல. டாக்டர் வந்து யாரைக் கேப்பாரு?

அக்கா: நம்மளைக் கேக்கட்டும். பிள்ளைங்கதானே நாம.

தம்பி: அவர்கிட்டதான் கேக்கணும்னு டாக்டரே சொன்னாரே. மூச்சுக்காகத் தொண்டையில குழாய் வைக்கிறது சின்ன வேலையா?

அக்கா: சரி, சரி... நீ பண்ணு.

தம்பி: இந்த மெஷின்ல அவர் முதமுதல்ல என்ன பேசினாரு, ஞாபகம் இருக்கா?

அக்கா: 'ஃபேனை நிறுத்து.' ராப்பகலா உக்காந்து எழுதின நமக்கு அதுதான் பாராட்டு.

தம்பி: ம்... இங்க பாரு. தனியா ஓடுற பைதான் வேற, உன் ப்ரோக்ராம் வயித்துக்குள்ள உக்காந்திருக்கற பைதான் வேற. உள்ள இருக்கறது நாம காட்டின ஃபோல்டர்ல மட்டும்தான் தேடும்.

அக்கா: அதை எனக்கே பாடம் எடுக்கறியா?

தம்பி: எங்கெல்லாம் தேடுதுன்னு பிரிண்ட் பண்ணிப் பாத்தேன். லைப்ரரி இருக்கற ஃபோல்டர் மட்டும் அதுல இல்ல.

அக்கா: ஏதாவது அப்டேட் வந்திருக்கும்...

தம்பி: அப்டேட் உன் கோடுல கை வைக்காதுக்கா. அந்த ஃபோல்டரைக் காட்டுற வரி நீ எழுதின சி ப்ளஸ் ப்ளஸ்ல இருக்கு. அதை எடுத்துட்டு மறுபடி கம்பைல் பண்ணாத்தான் இப்படி ஆகும். நான் அந்தப் பக்கமே போனதில்ல.

அக்கா: இரு, அப்பா தலையணையைச் சரி பண்ணிட்டு வரேன்.

தம்பி: அக்கா.

அக்கா: முந்தாநாள் நீ மருந்து வாங்கப் போயிருந்த. ஒவ்வொரு எழுத்தா பொறுக்கிப் பொறுக்கி... 'குழாய் வேண்டாம். போதும்மா'ன்னாரு.

தம்பி: அதுக்கு...

அக்கா: அதையே டாக்டர்கிட்ட சொல்லிட்டா? குழாய் இல்லன்னா எத்தனை நாள் மூச்சு விடுவாருடா? ஒரே ஒரு வரிதான் எடுத்தேன்.

தம்பி: சொன்னது அவரு. அவர் வாயை நாம கட்ட முடியாது.

அக்கா: அப்ப நீயே அந்த வரியைப் போடு. என் கை வராது.

தம்பி: போட்டுட்டேன். கம்பைல் ஆயிட்டிருக்கு.

அக்கா: கல்லு மாதிரி உக்காந்து தட்டற... உங்கிட்ட சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?

தம்பி: போன வாரமே எங்கிட்டயும் அதையே சொன்னாருக்கா. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைச்சுட்டு, 'சரியா கேக்கலப்பா'ன்னுட்டேன்.