பச்சை லேபிள் டிஸ்க்

கேமரன் மலை ஈரத்துக்கு எந்த ஹார்ட் டிஸ்க்கும் தாங்காது என்பார்கள். அது முழு உண்மை இல்லை, ஐயா. தேயிலைத் தோட்ட ஆபீசில் பதினான்கு வருஷமாகக் கிராணி, அதாவது கிளார்க்காக இருக்கிறேன். கம்ப்யூட்டர்களும் பேக்டரி கேமராக்களும் என் பொறுப்பு. முப்பத்தொரு டிஸ்க் என் கைவழியே போயிருக்கிறது. எதை எப்போது மாட்டினேன், எப்போது முனக ஆரம்பித்தது, எப்போது நின்றது, எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. கம்பெனிப் பெயர் வேண்டாம், லேபிள் நிறத்தைச் சொல்கிறேன். சிவப்பு இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டாது. நீலம் நன்றாக ஓடும், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பச்சை ஆறு வருஷம் ஆனாலும் அசையாது. கேமராவுக்குப் பச்சைதான் வேண்டும் என்று மானேஜரிடம் அடம்பிடித்து வாங்கியவன் நான்.

குமுதா இறந்த அன்று ஓடிக்கொண்டிருந்ததும் பச்சைதான்.

காலை பத்தரை மணி. எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மெஷின்காரன் புனிதன் கிரீஸ் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தான். இலை உருட்டும் மெஷின் நின்றிருந்தது. குமுதா அதன் அடியில் நுழைந்து, ஒட்டிய இலையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மானேஜர் போனில், இலை புளிக்கிறது, போய்ப் பார் என்றார். நான் இறங்கிப் போய் சுவிட்சைப் போட்டேன். உடனே படியேறி வந்துவிட்டேன். பிறகுதான் அவள் சத்தம் கேட்டது. நான் போகும்போதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று மானேஜரிடம் சொன்னேன்.

போலீஸ் வருமுன் பதிவைப் போட்டுப் பார்த்தேன். நல்ல தெளிவு. மெஷினுக்கு முன்னால் குமுதாவின் சிலிப்பர் ஜோடியாகக் கிடக்கிறது. நான் நின்று அதையே பார்க்கிறேன். ஒன்பது விநாடி. அதற்குப் பிறகு சுவிட்சைப் போடுகிறேன். வெறுங்காலோடு குழாயடிக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருக்கலாம். ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். படத்தில் என் வாய் அசையவில்லை.

பச்சையைக் கழற்றிவிட்டு, செத்துக் கிடந்த ஒரு சிவப்பை மாட்டினேன். மூன்று நிமிஷ வேலை. போலீஸ்காரர் கேட்டபோது ஈரம் என்றேன். நோட்டைக் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தலையாட்டினார்.

மெஷினை ஓடவிட்டுப் போனதாகப் பழி புனிதன் மேல் விழுந்தது. அவன் தினமும் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நிற்பான்.

"கிராணி, கேமராவுல பாத்தா தெரிஞ்சிரும்லா. நான் ஸ்டோர்ல இருந்தேன். சுவிட்ச தொடவே இல்ல."

"டிஸ்க் போச்சுப்பா. சிவப்பு லேபிள், அப்படித்தான்."

மூன்றாவது வாரம் வந்தபோது குரல் மாறியிருந்தது.

"நாந்தான் போட்டுட்டுப் போயிட்டேனோ என்னமோ, கிராணி. கைய வச்ச மாதிரியே இருக்கு. தூக்கம் வரல."

"இருக்கலாம்பா," என்றேன். "மனுசனுக்கு எல்லாமா ஞாபகம் இருக்கும்."

கோர்ட்டில் குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டான். பதினெட்டு மாதம். அவன் மனைவி உமாதேவி தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு போனாள். சாமான் ஏற்ற எஸ்டேட் லோரியை நான்தான் ஏற்பாடு செய்து கொடுத்தேன். போகும்போது, நீங்க ஒருத்தர்தான் ஏன்னு கேட்டீங்க கிராணி, என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

புதிதாக வந்த கிளார்க் விக்னேஸ்வரி கெட்டிக்காரப் பெண். போன வாரம் என் அலமாரியில் இருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சரிபார்த்தாள். பச்சையை மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அங்கள், இது நீங்கதானே?"

"ஆமாம்மா."

டிஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

மெஷினைப் போட்டது நான். புனிதன் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இவ்வளவு நாள் அதை ஏன் உடைத்துப் போடவில்லை என்று கேட்டீர்கள். அதில் ஒரு குறையும் இல்லையே, ஐயா. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பாழாக்க எனக்கு மனசு வராது.