மஞ்ச வீட்டத் தாண்டுறப்ப

என் லாரி லைட்டு பழுதில்ல டீச்சரம்மா. சிமிட்டுதுன்னு சொல்ல சாப்பாட்டுக் கடைக்குள்ள வரைக்கும் வந்தீங்களே, உக்காருங்க. நான் வெர்னன். முப்பது வருசத்துல கார்லேர்ந்து எறங்கி என் மேசைக்கு வந்ததெல்லாம் விரல ஆட்டிக்கிட்டேதான் வந்துச்சு.

உங்க செவப்புக் கார ஓகலாலா ஊர்லேர்ந்து கண்ணாடில பாத்துக்கிட்டேதான் வர்றேன். ஒரு தடவகூட என் வாலுல ஒட்டல. யாரு சொல்லிக்குடுத்தது? அப்பாவும் லாரிக்காரரா? அதானே.

மத்ததுங்க இருக்கே, காதுல போனு, வாயில பர்கரு, ஸ்டியரிங்கு மொழங்கால்ல. ஆமா செல்லம், முன்னாடி ஒரு லாரி, நெறமாசக்காரி மாதிரி போவுது, இரு தாண்டிட்டு வர்றேன்னு போன்லயே பேச்சு. சர்ருனு என் மூக்குக்கு முன்னால நொழஞ்சு பிரேக்க மிதிப்பான். முப்பத்தாறு டன்னு வச்சிருக்கேன், சைக்கிளா என்ன, கால ஊனி நிறுத்த?

நீங்க அப்படியில்ல. ஓகலாலா எறக்கத்துல உங்களத் தாண்டுனேன், என் வாலு எங்க முடியுதுன்னு எனக்கே தெரியாது. நீங்க லைட்டப் போட்டுக் காட்டுனீங்க. எடம் இருக்கு, உள்ள வான்னு. நான் பின்னாடி லைட்ட ரெண்டு தடவ சிமிட்டுனேன், நன்றின்னு. எங்காளுங்க பேசிக்கிறதே அவ்ளோதான்.

ரெண்டாவது தடவ சிமிட்டுனதா? தானியக் கெடங்குகிட்ட? அதயும் பாத்துட்டீங்களா. உங்க கிளாஸ்ல ஒருத்தன் பிட்டு அடிக்க முடியாது.

இந்தக் கடைல ஆப்பிள் பை நல்லாருக்கும். வேணாமா? சரி.

அந்த ரெண்டாவது சிமிட்டு உங்களுக்குப் போட்டதில்ல. கெடங்குகிட்ட மேட்டுல ஒரு மஞ்ச வீடு, பாத்திருப்பீங்க, எங்க வீடுதான். என் சம்சாரம் லொரெய்ன், என் வண்டி வர்ற நேரத்துக்கு வாசல் லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுவா, பட்டப்பகல்லயும். எடம் இருக்கு, உள்ள வான்னு. நான் ரெண்டு சிமிட்டு சிமிட்டிட்டு நேராப் போயிடுவேன். சரக்கு எறக்கணும்ல. இருபத்தாறு வருசம் அப்படித்தான் போனேன்.

மார்ச்சுல அவளப் பொதைச்சோம். கை மட்டும் அதுபாட்டுக்கு சுவிட்சுக்குப் போவுது.

இன்னைக்குச் சிமிட்டுறேன், கண்ணாடில பதிலுக்கு லைட்டு வருது. நீங்கதான்னு தெரியும். தெரிஞ்சும் ஓட்ட முடியல. அதான் இங்க திருப்பிட்டேன்.

நீங்களும் கெழக்கயா? காபியக் குடிச்சிட்டு வாங்க, அவசரமில்ல, நான் முன்னால மெதுவாப் போறேன். எங்க பிரிஞ்சாலும் ஒரு தடவ லைட்டப் போட்டுட்டுப் போங்க, என்ன.