நெட் வயரைப் புடுங்கிட்டுத் திறங்க

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"பாய், நெட் வயரைப் புடுங்கிட்டு மெயிலைத் திறங்க."

அவள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. பஸ் இரைச்சலுக்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"நெட் இல்லாம மெயிலா, செல்வி?" என்று ஆபீசிலிருந்து ஒரு வயதான குரல் கேட்டது. "காலையில இருந்து திறக்குது, உடனே மூடிக்குது. பன்னெண்டு மணிக்குள்ள ஹெட் ஆபீசுக்குப் பெர்மனன்ட் லிஸ்ட் போவலன்னா, ஒன்பது பொம்பளைங்களும் இந்த வருஷமும் கான்ட்ராக்ட்தான்."

"அதான் சொல்றன். நேத்து லிஸ்டோட ஒன்பது பேர் போட்டோவையும் ஒரே மெயில்ல வெச்சீங்க. அது கனம் தாங்காம, போவாம அவுட்பாக்ஸ்ல மாட்டிக்கிச்சு. திறக்கும்போதெல்லாம் அதை அனுப்பப் பார்த்துதான் மூடிக்குது. நெட் இல்லன்னா சும்மா இருக்கும்."

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது.

"திறந்துக்கிச்சு. மூடல."

"அந்த மெயிலை அழிங்க. வயரைச் சொருகுங்க. இப்ப மூணு மூணு பேரா அனுப்புங்க."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் போயிடுச்சும்மா. ஆமா, இதுல உன் பேரைக் காணமே?"

"எனக்கு சர்வீஸ் இன்னும் ஒரு வருஷம் பத்தல, பாய். ஹெட் ஆபீசுக்குப் பக்கத்து போன்ல கூப்புட்டு, ஒன்பது பேரோடதும் வந்துச்சான்னு கேளுங்க. நான் லைன்லயே இருக்கறன்."